காதுக்கு எட்டிய மட்டும்

இன்னும் ஆறவில்லை, ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தார் வெள்ளிங்கிரி. பானட்டைத் திறந்துபோட்ட ரேஸ் வண்டியின் முகத்துக்கு நேரே ஆளுயர விசிறி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. முன் சக்கரங்கள் டைனோவின் உருளைகள்மேல் நிற்க, நாலு பக்கமும் பட்டை பெல்ட் போட்டு இழுத்துக் கட்டியிருந்தது, மாட்டுக்கு ஊசி போடப் பிடித்துவைத்த மாதிரி. உருளை சுற்றும், வண்டி நகராது, இன்ஜினுக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று திரையில் கோடு போடும், டைனோ என்றால் அவ்வளவுதான். கோயமுத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கத்து இந்தத் தகரக் கொட்டகையில் நகராத வண்டிகளை ஓடவிட்டுப் பார்த்தே அவர் ஆயுசில் பாதி போயிற்று. டர்போ வைத்த இன்ஜினுக்குள் எவ்வளவு காற்றை அமுக்கலாம், அமுக்கிய காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்றலாம், எதற்குமேல் போனால் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிட வேண்டும் என்றெல்லாம் பெட்டி பெட்டியாக எண் போட்டுக் கொடுப்பது தொழில். சொன்னால் கல்யாண வீட்டில் யாருக்கும் புரியாது, மெக்கானிக்குங்களா என்பார்கள், ஆமாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்கு எழுந்துபோவார். இப்போது பந்திக்கு எழுந்துபோகவும் அலுப்பாக இருக்கிறது. மத்தியான வெயில் தகரத்தை வறுத்துக்கொண்டிருந்தது, முதுகு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது, கழுத்தில் தொங்கிய காதுக்கவசம் கல்லாகக் கனத்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தரணி என்னவோ சொன்னாள். குரல் வந்தது, சொல் வரவில்லை. வெள்ளிங்கிரி தலையாட்டினார்.

தலையாட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று திக்கென்றது. அவள் கேள்வி கேட்டிருந்தால்? தரணி அக்கா மகள். பள்ளிக்கூடம் முடித்த வருஷமே செட்டிபாளையத்துத் தடத்தில் வண்டி பழகியவள், இப்போது சென்னைப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிற கடைசிச் சுற்றுப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த வருஷமும் டீமில் அவளுக்கு ஸீட். இல்லையென்றால் வேறொருத்தன் உட்கார்ந்துகொள்வான். இதை அவள் அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னாள், அதுதான் மனசைப் போட்டு அறுக்கிறது. "போன ரவுண்டுல நேர்ப் பாதையில என்னைத் தாண்டித் தாண்டிப் போறாங்க மாமா. திருப்பத்துல புடிச்சறேன், நேரா வந்தா விட்டர்றேன். வண்டியில இழுவை பத்தல." அப்போது கியர் பெட்டியைக் குறை சொன்னார் இவர். வாய் கூசாமல் சொன்னார். கியர் பெட்டி பாவம், அது என்ன செய்தது. குறை பெட்ரோலில் இருந்தது, பெட்ரோலில் என்றால் அவர் ஊற்றச் சொன்ன அளவில். பதினொன்று புள்ளி எட்டுப் பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் போதும் என்கிற இடத்தில் பதினொன்று புள்ளி இரண்டு என்று போட்டிருந்தார். பெட்ரோல் கூடினால் உள்ளே சூடு அடங்கும், இன்ஜின் பிழைத்துக் கிடக்கும், ஆனால் வயிறு முட்டத் தின்றவன் மாதிரி மந்தமாக ஓடும். இந்த ஒரு வருஷமாக அவர் கையால் போன எல்லா வண்டியும் இப்படித்தான் மந்தமாகப் போயிற்று. வெள்ளியண்ணா முன்ன மாதிரி இல்லீங்களே என்று வந்தவர்களிடம் இப்ப வர்ற பெட்ரோலு அப்படி என்றார், வெயிலு அப்படி என்றார். இனி மழைக்காலத்தில் என்ன சொல்வாரோ தெரியவில்லை.

"மாமா, போலாமுங்களா?" இந்த முறை அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னாள், உதடு தெரிந்தது, புரிந்தது. "கொஞ்சம் ஆறட்டும் கண்ணு." "அறுபது டிகிரிக்கு எறங்கிருச்சுங்க." "அம்பதுக்கு வரட்டும்." டர்போ அமுக்கிய காற்று சூடாகத்தான் இருக்கும், அதை ஆறவைக்கிற ரேடியேட்டர் ஒன்று முகப்பில் இருக்கிறது, அதற்கும் வேர்த்துக் கொட்டுகிறது. ஆறட்டும், ஆறட்டும் என்று அவர் சொன்னது காற்றுக்காக இல்லை என்பது அவருக்கே தெரியும். காலையில் வீட்டில் நடந்தது ஒன்று நெஞ்சுக்குழியில் கிடந்து நகரமாட்டேன் என்கிறது. மனைவி தமயந்தி வாசலில் கீரைக்காரியிடம் போகும்போது, அடுப்புல எண்ணெ இருக்குது, கடுகு போட்டிருக்கறன், வெடிச்சதும் கறிவேப்பிலையப் போடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரிய வேலையா. வெள்ளிங்கிரி கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றார், பூசாரி மாதிரி. ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டு, பூஸ்ட்டை, அதாவது டர்போ அமுக்குகிற காற்றின் அழுத்தத்தை, நினைத்துக்கொண்டு நின்றார். கடுகு வெடிக்கவில்லை. வெடிக்கவில்லை என்றுதான் நின்றார். புகை வந்து கண் எரிந்த பிறகு பார்த்தால் எல்லாம் கரிக்கட்டை, சட்டைக்கையில் எண்ணெய்ப் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது. ஓடிவந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு, "பக்கத்துலயே நிக்கறீங்க, வெடிக்கறது காதுல உளுகலீங்களா" என்றாள். நினைப்பு எங்கயோ என்றார். அவள் கருகின கடுகைச் சுரண்டிக் கொட்டினாள். நினைப்பு எங்கேயோ இருந்தது நெசந்தான், ஆனால் காது அங்கேயேதான் இருந்தது.

சரி, அதை விடு என்று வெள்ளிங்கிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், விடுவதற்கு அது என்ன சட்டையா. இத்தனை வருஷமும் இந்தக் காதை வைத்துத்தானே சோறு தின்றது. காற்றையும் அமுக்கி, பெட்ரோலையும் குறைத்து, அளவு தாண்டினால் இன்ஜினுக்குள் பெட்ரோல் முறையாக எரியாமல் தானாகவே அங்கங்கே பற்றி வெடிக்கும். நாக்கிங் என்பார்கள். தகரத்தில் மணலை விசிறின மாதிரி ஒரு சத்தம், சன்னமாக, மேல் ஸ்தாயியில். முதல் தடவை கேட்கும்போதே காலை எடுத்துவிட்டால் பிழைத்தது, விட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை. அதைப் பிடிக்க இன்ஜினிலேயே ஒரு சென்ஸார் இருக்கிறது. ஆனால் இந்த வண்டிக்குப் போட்டிருக்கிற ரேஸ் பிஸ்டன் சும்மாவே தடதடக்கிற ஜாதி, சென்ஸார் அதையும் நாக்கிங் என்று நினைத்துப் பயந்து பயந்து பின்வாங்கும். அதனால் அவரே அதன் வாயை அடைத்துவைத்திருந்தார், என் காது இருக்குது, போதும் என்று. இன்ஜினில் முடுக்கிய ஒரு தாமிரக் குழாய், அதிலிருந்து ரப்பர்க் குழாய், அது வந்து சேருகிற காதுக்கவசம், இவ்வளவுதான் கருவி, வைத்தியர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற மாதிரிதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம், அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால் நாக்கிங் நடந்தது என்று அர்த்தம், ஆனால் துகள் வந்த பிறகு தெரிந்து யாருக்கு என்ன பிரயோசனம், பிஸ்டன் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு தடவை ஈரோட்டுக்காரர் வண்டிக்கு டர்போவை அடக்குகிற குழாய் கழன்று பூஸ்ட் தறிகெட்டு ஏறியது. திரையில் எண் வருவதற்கு முன்னாலேயே இவர் கையைத் தூக்கிவிட்டார். அன்றைக்கு அந்த மனுஷர் இவர் காதைத் தொட்டுக் கும்பிட்டார், விளையாட்டுக்குத்தான், ஆனாலும் கும்பிட்டார். வெள்ளியண்ணன் காது என்று ஊருக்குள் பேர். எந்தக் குழாய் வழியாகப் பேர் வந்ததோ அதே குழாய் வழியாகத்தான் வருஷம் வருஷமாக இரைச்சலும் உள்ளே போயிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது, அதுவும் மேல் ஸ்தாயியை மட்டும் பொறுக்கித் தின்றிருக்கிறது. லாரி கேட்கிறது, இடி கேட்கிறது, விசிறியின் ஊளை கேட்கிறது, கடுகு கேட்கவில்லை.

அம்மாவுக்கும் இப்படித்தான். பீளமேட்டுப் பக்கம் நூல் மில்லில், நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மிஷினில் நின்றவள். அந்த மில்லுக்குள் யாரும் காதால் பேசிக்கொள்ள மாட்டார்கள், உதட்டைப் பார்த்துத்தான், சிரிப்பும் சண்டையும் ஊமைப் படமாக நடக்கும். வீட்டுக்கு வந்தாலும் அம்மா உதட்டைத்தான் பார்ப்பாள். அவளுக்கு எட்ட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் கத்துவார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்போ பார்த்தாலும் சண்டை என்று நினைத்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் அம்மா ஒரு சிரிப்புச் சிரிப்பாள், தலையாட்டுவாள், கேள்விக்கும் ஆட்டுவாள், வசவுக்கும் ஆட்டுவாள். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதையோ கேட்க, அம்மா சிரித்துத் தலையாட்ட, அவர்கள் முகம் சுருங்கிப்போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. என்ன கேட்டார்கள் என்று கடைசிவரை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பின்மேல் வெள்ளிங்கிரிக்குச் சின்ன வயதில் அப்படி ஒரு கோபம். கேக்கலைன்னு சொன்னா என்னவாம், வாய் என்ன வாடகைக்கா விட்டிருக்கு என்று பொருமியிருக்கிறார். இப்போது தெரிகிறது என்னவாம் என்று. சொன்னால் மறுநாள் காலையில் மில்லுக்கு வெளியே நிற்க வேண்டும், அதுதான் என்னவாம். சற்று முன்பு தரணிக்கு ஆட்டிய தலை அம்மாவின் தலைதான், அதே சாய்வு, அதே பாதிச் சிரிப்பு. உடம்பெல்லாம் ஓய்ந்துபோய் வந்தது அவருக்கு. ஒரு நாள் முழுக்கச் செவியைத் தீட்டிக்கொண்டே இருப்பது மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம், ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தால் மென்று முழுங்கவும் தெம்பில்லாமல் போகிறது. தமயந்தி வயசாகுதில்லீங்களா என்கிறாள், வயசுதான் என்று அதற்கும் ஆட்டி வைத்திருக்கிறார்.

"அம்பது வந்துருச்சு மாமா." உதட்டைப் பார்த்தார். "பதினொண்ணு எட்டு வெச்சுட்டீங்களா? பூஸ்ட் ஒண்ணு நாலு?" வைத்தாயிற்று என்று காட்டினார். இத்தனை நாள் ஒன்று புள்ளி இரண்டு பார் அழுத்தத்தோடு நிறுத்தியிருந்தார், அவள் மற்ற டீம் வண்டிகளின் கணக்கையெல்லாம் எங்கோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, இதே இன்ஜினுக்கு எல்லாரும் ஒன்று புள்ளி நாலு ஓட்டறாங்க, நாம ஏன் பயப்படறோம் என்று கேட்டுவிட்டாள். ஏன் பயப்படறோம் என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அது வாய்க்குள்ளேயே நின்றுகொண்டது. வேறு காரணம் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை, சரி வெச்சுப் பாக்கலாம் என்றுவிட்டார். சுலபமான வழி ஒன்று அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஓட்டிப் பார்த்த மாதிரி பார்த்துவிட்டு, கேட்டுது கண்ணு, இதுக்கு மேல தாங்காது என்று சொல்லிவிடலாம். பழைய அளவையே போட்டுவிடலாம். அவள் நம்புவாள். மாமா காது சொன்னால் அப்பீல் ஏது. இன்ஜினும் பிழைக்கும், பேரும் பிழைக்கும், அவள் மட்டும் நேர்ப் பாதையில் ஒவ்வொருத்தனுக்கும் வழிவிட்டு நாலாவதாக வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, பரவால்லீங்க மாமா என்பாள். இந்தப் பக்கம் போனால் பிஸ்டன், அந்தப் பக்கம் போனால் பிள்ளை. நடுவில் ஒரு கோடு இருக்கிறது, முன்னெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோட்டின்மேல் நடந்தவர், இப்போது கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் துழாவுகிறார்.

காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு கையைத் தாழ்த்திக் காட்டினார், மிதி என்று. வண்டி முதலில் முனகியது, பிறகு உறுமியது, டர்போ சுழன்று காற்றை இழுக்கிற விசில் வரவேண்டிய இடத்தில் ஒரு மங்கலான இரைச்சல்தான் வந்தது. ஊசி மூவாயிரம் தாண்டி, நாலாயிரம் தாண்டி ஏற, கொட்டகையின் தகரமெல்லாம் நடுங்கியது. பெஞ்சிலிருந்த டீ டம்ளர் நகர்ந்தது. வெள்ளிங்கிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆணிவேர் வரைக்கும் காதைக் கொடுத்தார். கனத்த சத்தம் முழுக்க இருந்தது, ஒவ்வொரு நரம்பாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது, அதற்கு மேலே, மணல் தெறிக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமில்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது கத்திக்கொண்டிருந்தாலும் தெரியப்போவதில்லை. கண்ணைத் திறந்தபோது கோடு உச்சிக்கு ஏறி முடிந்திருந்தது, தரணி காலை எடுத்துவிட்டு உருளை நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் திரையைத் திருப்பிப் பார்த்தார், குதிரைச் சக்தி நன்றாகவே ஏறியிருந்தது, அவள் கேட்ட இழுவை அத்தனையும் அதில் இருந்தது. ஆனால் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், கோடு ஒரே ஒரு இடத்தில் லேசாகக் கை நடுங்கின மாதிரி நெளிந்திருந்தது.

அவள் இறங்கி வந்து பக்கவாட்டில் நின்று திரையை எட்டிப் பார்த்தாள், உதடு தெரிந்தது. "அது டயர் நழுவுனதுங்க மாமா. எனக்கு ஸ்டீயரிங்லயே தெரிஞ்சுது." இருக்கலாம். உருளைமேல் டயர் நழுவினாலும் கோடு இப்படித்தான் நெளியும், நாக்கிங் வந்தாலும் இப்படித்தான் நெளியும், இந்த நெளிவைப் பார்த்து இது அதுவா இதுவா என்று சொல்லத்தான் காது. "உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுதுங்களா?" இல்லை என்றார். அது பொய்யில்லை. இத்தனை சுத்தமான உண்மையை அவர் இந்த ஒரு வருஷத்தில் சொன்னதே இல்லை, அதை எடுத்துக்கொண்டு அவள் எவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டாள். "அப்ப இதையே ஏத்தி வெச்சருங்க மாமா. லாரி நாலு மணிக்கு வருதுங்க." விரல் சேவ் பண்ணுகிற பட்டன்மேல் போய் நின்றது. அமுக்கினால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னை வெயிலில், சுற்றுக்குச் சுற்று, நேர்ப் பாதைக்கு நேர்ப் பாதை, அந்த நெளிவு வரும், டயராக இருந்தால் ஒன்றுமில்லை. அதுவாக இருந்தால், அவள் முழுசாக மிதித்துக்கொண்டு போகிற போக்கில் பிஸ்டன் பிளந்து, ஆயில் கொட்டி, அவள் டயரிலேயே அது பட்டு, முன்னால் திருப்பம். அம்மா சிரித்த அந்தச் சிரிப்பு இப்போது தன் முகத்தில் ஏறப்போகிறது என்று தெரிந்தது. தாடை தயாராகிக்கொண்டிருந்தது, கன்னம் இழுத்துக்கொண்டது, தலை சாயத் தொடங்கியது. பட்டனிலிருந்து விரலை எடுத்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், முழங்கால் ரெண்டும் தனித்தனியாக முனகின. காதுக்கவசத்தைக் கழுத்திலிருந்து கழற்றி அவளிடம் நீட்டினார்.

"இதை நீ மாட்டிக்கோ கண்ணு. நான் மிதிக்கறேன்."

"நானுங்களா? எனக்கு என்னன்னே தெரியாதே மாமா."

"தெரிய வேண்டியதில்ல. எஞ்சின் சத்தத்துல சேராத சத்தம் ஏதாச்சும் வந்தா கையத் தூக்கு. யோசிக்காத, தூக்கிரு."

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று. ஸீட் அவளுக்கு அளவெடுத்தது, இவர் வயிறு இடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரணி கவசத்தை மாட்டி, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி நின்றாள். விசிறிக் காற்றில் அவள் முடி பறந்தது. மறுபடி காற்று ஆறக் காத்திருக்கையில் அவள் ஒரு தடவை சிரித்தாள், இவர் சிரிக்கவில்லை. ஒன்றும் வராது, டயராகத்தான் இருக்கும், அவள் கை தூக்க மாட்டாள், எல்லாம் வீண் பயம், காதும் நல்ல காது, கடுகு பழைய கடுகு என்று ஒரு ஆசை கடைசியாக வந்து நின்று கெஞ்சியது. மிதித்தார். மூவாயிரம், நாலாயிரம். இருக்கையும் ஸ்டீயரிங்கும் முதுகெலும்பும் ஒன்றாக அதிர்ந்தன. ஐயாயிரம் தாண்டும்போது தரணியின் கை மேலே போயிற்று. தோள்வரை இல்லை, தலைக்கு மேலே, முழுசாக.

காலை எடுத்தார். உருளை ஓய்ந்தது, அவரே எட்டி இன்ஜினை அணைத்தார். அவள் ஓடிவந்து ஜன்னலில் குனிந்தாள், கவசம் ஒரு காதில் பாதி விலகித் தொங்கியது.

"யாரோ தாளிக்கற மாதிரி கேட்டுதுங்க மாமா. எண்ணெயில கடுகு போட்டா வருமே, அது மாதிரி படபடன்னு. மேல போகப் போக ஜாஸ்தியாச்சு."

தாளிக்கிற மாதிரி. வெள்ளிங்கிரிக்குக் காலையில் வீட்டில் நின்ற புகை மூக்கில் ஏறியது.

"நீங்க கேட்டப்ப இது வரலீங்களா?"

"வந்திருக்கும் சாமி. எனக்குக் கேக்கல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கேள்வி ஒன்று அவள் உதட்டில் வந்தது, எப்போதிருந்து என்பது மாதிரி, சொல்லாமலே அது திரும்பிப் போயிற்று. அவள் எதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. மந்தமாகப் போன வண்டி, கியர் பெட்டி, பெட்ரோல் மேல் பழி, தாண்டித் தாண்டிப் போன அந்தச் சுற்று, எல்லாம். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, திட்டட்டும், திட்ட வேண்டியதுதான் என்று காத்திருந்தார். திட்டினால் கேட்கிற தூரத்தில்தான் இருந்தாள்.

தரணி மேஜைக்குப் போய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள். பிறகு ஜன்னலில் நன்றாகக் குனிந்து, தன் வாய் அவருக்குத் தெரிகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"ஒண்ணு மூணு வெச்சு மிதிங்க மாமா. நான் கேக்கறேன்."

கவசத்தை மாட்டிக்கொண்டு பழைய இடத்தில் போய் நின்றாள். வெள்ளிங்கிரி அளவை மாற்றினார், கண் மறைத்ததால் இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்துப் போட்டார். காற்று ஆறட்டும் என்று காத்திருந்தார். பிறகு அவள் கையைப் பார்த்துக்கொண்டே மிதித்தார்.